வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் ‘நானும் இசையும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நானும் இசையும்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய தோழர், ஐந்து வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்ததையும் குருவுக்குத் தட்டில் பழம் வைத்துக் கொடுத்ததையும் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. என்னிடம் சொல்வதற்கு அப்படி ஒரு குருவும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து என் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இசைக் கலைஞர்கள் இருந்திருக்கிறார்கள். அதைப் பெருமையாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஏன் மறைத்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் கடலூர் மாவட்டம். காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. என் அப்பாவும் அம்மாவும் இன்னும் அங்கேதான் வாழ வேண்டியிருக்கிறது. சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான்.

நான் கேட்ட முதல் பாட்டு என் ஆயா பாடியது. சம்பா நடவின்போது வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களில் ஆயாதான் பாட்டை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வெயில் ஏற ஏறப் பாட்டின் வேகம் கூடும், கையும் கூடவே ஓடும். இதனால் நடவு சீக்கிரம் முடியும் என்று நிலக்காரர்களுக்குத் தெரியும். ஆயாவைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். கூலி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஆயாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊர்த்தெருவில் யாராவது இறந்துவிட்டால் எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிட்டு விடுவார்கள். பிணம் கிடக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது. தெருவில் வட்டமாக நின்று மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். “அந்தாளு கிட்ட இல்லாத நல்ல கொணத்தையெல்லாம் சேத்துப் பாடணும், அதுதான் கஷ்டம்” என்பார் ஆயா. அரைமனதோடு செய்யும் வேலையைக் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்று தமிழில் சொல்கிறார்கள். எங்கள் பேராசிரியர்கள்கூட வகுப்பில் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு ஆயா நினைவுக்கு வருவார். அவர் செய்த வேலையை வசவாக்கி வைத்திருக்கிறார்களே என்று தோன்றும்.

ஆனந்த பைரவி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்கள் நாட்டார் மெட்டுகளிலிருந்து எழுந்தவை என்று இசை பற்றி எழுதுகிறவர்களே சொல்கிறார்கள். அது தெரிந்தபோது எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை. மெட்டு சபாவுக்குள் போயிருக்கிறது. அதைப் பாடியவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்து தாத்தா. அவர் பறையடித்தவர். எங்கள் பக்கம் ‘பறமேளம்’ என்பார்கள். ஊரில் சாவு என்றால் அவர் போக வேண்டும். உறவுக்காரர்களின் ஊர்களுக்கு நடந்தே போய்ச் சாவுச் செய்தி சொல்ல வேண்டும். பஞ்சாயத்துச் செய்தியைத் தண்டோரா போட வேண்டும். கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சாமி எங்கள் தெருவுக்கு வராது. தாத்தா அந்தக் கோயிலுக்குள் போக முடியாது.

இதற்குச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றும்போது போய் நின்றால் சில மரக்கால் நெல் அளந்து போடுவார்கள். ஊர் வேலை செய்கிறவர்களுக்குத் தரும் அந்தப் பங்குக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘சுதந்திரம்’. பழைய ஆவணங்களிலும் அகராதியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. தாத்தா சொல்லிச் சிரிப்பார்: “நாட்டுக்கு ஒரு தடவதான் சுதந்திரம் கெடச்சுது. எனக்கு வருசத்துக்கு ஒரு தடவ கெடச்சுது.”

இது எங்கள் ஊரில் மட்டும் இருந்த வழக்கமில்லை. மராட்டியத்தில் மகர்களுக்கு ‘வதன்’ என்று ஒன்று இருந்தது. பரம்பரையாக ஊர் வேலையும் அரசு வேலையும் செய்வதற்காக ஒரு துண்டு நிலமும் கொஞ்சம் தானியமும். அது உரிமைபோலத் தெரியும். உண்மையில் ஒரு சாதியையே ஊருக்கு வேலைக்காரர்களாகக் கட்டிப்போடும் கயிறு அது. அதனால்தான் பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தப் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு மகாத் மாநாட்டில், செத்த மாட்டைத் தூக்காதீர்கள், அதன் இறைச்சியை உண்ணாதீர்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். குளத்துத் தண்ணீர் குடித்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். வேலை மறுப்பும் அதே மாநாட்டில் பேசப்பட்டதுதான்.

எங்கள் பகுதியில் அந்தக் குரலை ஒலித்தவர் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தர். தீண்டாமைக் கொடுமைகளை ஆராய இந்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இல் அறிக்கை கொடுத்தவர். பறையடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று இந்தப் பகுதியில் பிரச்சாரம் செய்தார். தாத்தா இளைஞராக இருந்தபோது அவர் பேச்சைக் கேட்டவர்.

1980களின் நடுவில் எங்கள் தெரு கூடி முடிவெடுத்தது. இனி ஊருக்குப் பறையடிப்பதில்லை, சாவுச் செய்தி சொல்லப் போவதில்லை. தெருவில் இருந்த எல்லாப் பறைகளின் தோலையும் கிழித்துவிட்டு, கட்டைகளை அடுப்பில் வைத்தார்கள். “வேப்பங்கட்ட, நல்லா எரிஞ்சுது” என்று மட்டும்தான் தாத்தா சொல்வார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிப் பேசமாட்டார்.

மிச்சத்தை அப்பா சொன்னார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. மறுநாளிலிருந்து யாரையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. எங்கள் ஆடு மாடு ஊர் வரப்பில் இறங்கக்கூடாது. மளிகைக் கடையில் காசு கொடுத்தாலும் சாமான் கிடையாது. ஆண்கள் நெய்வேலிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்கள். ஆயாவின் கம்மல் அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. அப்பாவின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. ஒரு போகம் முழுக்க இப்படி இருந்தது. கடைசியில் நாற்று முற்றிப்போகும் நிலை வந்ததும் நிலக்காரர்கள்தான் இறங்கி வந்தார்கள். நடவுக்குக் கூப்பிட்டார்கள். பறைக்குக் கூப்பிடவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியைத் தாத்தாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். “நாங்க நிறுத்தி எவ்ளோ நாளாச்சு” என்றார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் பிறந்தேன். பறை இல்லாத வீடு. ஆனால் இசை இல்லாத வீடு இல்லை. அப்பா எந்நேரமும் இளையராஜா பாட்டுகளை ஓடவிடுவார். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகப் பாடித் திரிந்த பையன் 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்து வந்தார் என்பதை எங்கள் வீட்டுக் கதைபோலச் சொல்வார். நானும் பாடுவேன். பள்ளியில் வழிபாட்டுப் பாட்டுக்கு என்னைத்தான் நிறுத்துவார்கள்.

ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் பாடுவதற்கு ஆள் எடுத்தார்கள். நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். ஆசிரியர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “பாட்டு அவங்க பாடட்டும். உனக்கு மேளம் ரத்தத்துலயே இருக்குமே, நீ டிரம் அடி” என்றார். அவர் திட்டவில்லை, பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார். எனக்கும் அப்போது விளங்கவில்லை. டிரம் கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கையைக் கழுவிவிட்டுச் சொன்னார்: “பாட்டுன்னா போ. மேளம்னா வேணாம்.” நான் அழுதேன். அந்த ஆண்டு விழாவில் பாடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. தாத்தா மேல் பல வருடம் கோபம் இருந்தது.

சென்னைக்கு வந்த பிறகுதான் பறையைத் தொட்டேன். கல்லூரித் தோழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி எடுத்தார்கள். நானும் போனேன். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினால்தான் ஒலி எழும்பும். முதல் அடி விழுந்தபோது ஒலி காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது. சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி என்று தனித்தனியாக இருப்பதை அங்கேதான் கற்றேன். ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சொல்கிறது என்பதையும், திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து ஊர் ஊராக மேடையேற்றியது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் பெண்கள் பறையைத் தொட்டதே இல்லை. வீட்டில் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் மறைத்தேன். தாத்தா என்னிடம் மறைத்ததை நான் தாத்தாவிடம் மறைத்தேன்.

போன ஆண்டு ஒரு கல்லூரி விழாவில் எங்கள் குழு அடித்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அது எங்கள் ஊருக்கும் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் குடும்பத்து நிலத்தில்தான் அப்பா அரைக் காணி குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார். அவர்கள் வீட்டு ஆட்கள் எங்கள் தெருமுனைக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

“உன் பொண்ணு மெட்ராஸ்ல நாலு பேரு பாக்க அடிக்குது. அதுல வராத அசிங்கம் எங்க பெரியவரு சாவுக்கு அடிச்சா வந்துடுமா?”

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் யாரும் கேட்கத் துணியாததை என் வீடியோவைக் காட்டிக் கேட்டுவிட்டார்கள்.

அப்பா, “யாரும் வரமாட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த போகத்துக்குக் குத்தகை இல்லை என்று பிறகு தகவல் வந்தது. இதையெல்லாம் அப்பா தொலைபேசியில் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசியில், “தாத்தா பாத்துட்டாரு” என்றார். அன்று இரவே பேருந்து ஏறினேன்.

விடியற்காலையில் தாத்தா திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பேருந்தில் வரும்போதே பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். பறை ஆதி இசை, பறை விடுதலையின் குரல், தொல்காப்பியம் எல்லாம். அவர் எதையும் கேட்கவில்லை. வேறு கேள்விகள் கேட்டார்.

“எவன் கூப்டான்?”

“காலேஜ்ல தாத்தா.”

“கூலி பேசுனியா?”

“இல்ல.”

“எங்க நிக்க வச்சான்?”

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. எங்களை வாசலில் நிற்க வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினரை வரவேற்கப் பறை. அவர் வரத் தாமதம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். கார் வந்ததும் அடித்துக்கொண்டே அரங்கத்தின் கதவு வரை போனோம். அவர் உள்ளே போனார். கதவு மூடியது. உள்ளே எங்களுக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை. பின்பக்கம் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றைக்கு எனக்கு அது அவமானமாகவே தோன்றவில்லை. நம் கலைக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

“வாசல்ல தாத்தா” என்றேன்.

“நானும் வாசல்லதான் நின்னேன்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “அடுத்த தடவ கூப்டா, வரமாட்டேன்னு சொல்ல முடியுமா ஒன்னால?”

“முடியும்.”

“அப்ப அடி.”

தோழர்களே, பறையைப் பற்றி நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அது இழிவின் சின்னம், தொடாதே என்பது ஒன்று. அது நம் ஆதி இசை, எடுத்து முழக்கு என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் வீட்டிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. தாத்தாவின் மறுப்பால்தான் எங்கள் தெரு நிமிர்ந்தது. அந்த மறுப்பு இல்லையென்றால் நான் கல்லூரிக்கு வந்திருக்கமாட்டேன், பறையை விரும்பி எடுக்கும் நிலையிலும் இருந்திருக்கமாட்டேன். ஆகவே இன்று பறை கற்றுக்கொள்ளும் எவரும், பறையைத் தொட மறுக்கும் ஒரு தலித்தைப் பார்த்து “சொந்தக் கலையை வெறுக்கிறாயே” என்று சொல்லாதீர்கள். அவர் வெறுப்பது கலையை இல்லை. அதோடு சேர்த்துக் கட்டிய கயிற்றை.

அந்தக் கயிறு பறையில் மட்டும் இல்லை. மிருதங்கத்தைப் பாருங்கள். பலாக்கட்டையில் மாடு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, நாதம் பிடித்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைச் சென்னை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. வேறு இடத்தில்தான் வெளியிட்டார்கள். மாட்டுத்தோல் மேடைக்குப் போகலாம். மாட்டுத்தோலைப் பற்றிப் பேசும் புத்தகம் போகக்கூடாது. பறைத்தோலை மட்டும் தீட்டு என்கிறார்கள் என்றால், தீட்டு தோலில் இல்லை என்பது விளங்குகிறது அல்லவா?

இன்னொரு பக்கம் நல்லதும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியது. கானாவும் பறையும் இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடின. 2020 முதல் மார்கழியில் மக்களிசை நடக்கிறது. ஒப்பாரி பாடும் பெண்கள் மேடையின் நடுவில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பதை நானே பார்த்தேன். ஆயா உயிரோடு இருந்திருந்தால் கூட்டிவந்திருப்பேன். அங்கே நம்மை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் எங்கள் குழு உட்கார்ந்து பேசியது. நான்கு முடிவுகள் எடுத்தோம். விருந்தினர் வரவேற்புக்கு வாசலில் நின்று அடிக்கமாட்டோம். நிகழ்ச்சி அழைப்பிதழில் மற்றக் கலைஞர்களைப்போல எங்கள் பெயரும் இருக்க வேண்டும். கூலியை முன்கூட்டியே பேசுவோம். யாருடைய சாவுக்கும், எந்தச் சாதியாக இருந்தாலும், பரம்பரை வேலை என்று கூப்பிட்டால் போகமாட்டோம். எங்கள் குழுவில் தலித் அல்லாத தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று: உங்கள் ஊரில் இன்றைக்கும் யாரையாவது கட்டாயப்படுத்திப் பறையடிக்க வைக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். நகரத்து மேடையில் பறையைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், உங்கள் சொந்தத் தெருவில் போய் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு அதே விழாவுக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். வாசலில் என்றார்கள். வரமாட்டோம் என்றோம். முதலில் கோபப்பட்டார்கள். திமிர் என்றுகூட ஒருவர் சொன்னார். மூன்று நாள் கழித்து, மேடையில் பதினைந்து நிமிடம் தருகிறோம் என்றார்கள். போனோம், அடித்தோம், இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தோம். இது சின்ன விஷயம்தான். ஆனால் அப்பாவின் அரைக் காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் இப்போது வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார். நான் மேடையில் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் அங்கே ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை மறக்க எனக்கு உரிமை இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பறையைக் கொண்டுபோகவில்லை. தாத்தா என் கைப்பேசியில் அந்தப் பதினைந்து நிமிடத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு, “சாவடிய ஏன் கல்யாணத்துக்கு ஓடற மாதிரி ஓட்ற?” என்றார். கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினார். அவர் விரலில் அந்தத் தாளத்தை நான் கேட்டது அதுதான் முதல்முறை. நான் திரும்பத் தட்டினேன். தலையை ஆட்டினார். மறுபடி தட்டினார். இப்படியே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து போகும்போது ஒன்று சொன்னார்: “நீ எங்க வேணா அடி. என் சாவுக்கு மட்டும் யாரும் அடிக்கக் கூடாது. நீயும்தான்.”

சரி என்று சொல்லியிருக்கிறேன். அது அவருடைய சாவு. அதற்கு எது ஒலிக்க வேண்டும், எது ஒலிக்கக்கூடாது என்று சொல்லும் உரிமைக்காகத்தான் அவர் தன் பறையை அடுப்பில் வைத்தார்.